கடல்பாசிச் சாறு

"இது வெறும் தண்ணி அண்ணே! என்னை ஏமாத்திட்டீங்க!"

புனிதவதி போத்தலை மேசையில் வைத்த வேகத்தில் ஜெலுத்தோங் உரக்கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற அவள் தம்பி தினகரன், "காசைத் திருப்பிக் கேளுக்கா. இந்த ஆளு சரியில்லன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றான்.

தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, பாலிக் பூலாவில் நிலம் எடுத்துச் சோயா போட்டிருந்தாள் அவள். களைக்கொல்லி அடித்தால் சோயாச் செடியும் கொஞ்சம் மஞ்சளாகி வாடும், கூடவே கடல்பாசிச் சாற்றையும் சேர்த்து அடித்தால் சீக்கிரம் தேறிவிடும் என்று சொல்லி விற்றவர் கடைக்காரர் அமானுல்லா.

"தண்ணின்னு எப்படிம்மா சொல்றீங்க?"

"சோதிச்சுப் பார்த்தேன்லா. ஒரு பாத்திக்குக் களைக்கொல்லியோட உங்க சாறு. இன்னொரு பாத்திக்கு வெறும் களைக்கொல்லி. பத்து நாளாச்சு, ரெண்டும் ஒரே பச்சை!"

"சாறு சேர்க்காத பாத்திகூட மஞ்சளாகலையா?"

"ஒரு இலைகூட ஆகல."

அமானுல்லா நெற்றியைச் சுருக்கினார். "நடுவுல முளைச்ச புல்லு?"

"அதுவும் பச்சையாத்தான்..." சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது.

"அப்ப தண்ணி என் போத்தல்ல இல்லம்மா. களைக்கொல்லியை என்கிட்ட வாங்கலையே, யாருகிட்ட வாங்குனீங்க?"

புனிதவதி மெல்லத் திரும்பினாள். பாதி விலைக்குக் களைக்கொல்லி கொண்டுவந்து கொடுத்த தினகரன், அதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டிருந்தான்.