ஆடியில் தொடாத கார்

கார்ச் சில்லுகளுக்கு அடியில் வைத்த நான்கு தேசிக்காய்களும் நசுங்காமல் அப்படியே கிடந்தன. நல்ல நேரம் முடிந்து முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டது. காரைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டிய அருட்செல்வன், முற்றத்தில் நின்று ஜெறோமைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

ஜெறோம் கொழும்புத்துறைக்காரன். ஜப்பானில் ஓடிய கார்களை ஏலத்தில் எடுத்து இறக்கிக் கொடுப்பது அவன் தொழில். அருட்செல்வன் ஃபோனில் போட்ட சத்தத்தில், காலைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் அச்சுவேலிக்கு ஓடி வந்திருந்தான்.

"கீறல் ஒண்டும் இல்லையெண்டு ஜப்பான்காரன் எழுதித் தந்திருக்கிறான். அப்ப இதென்ன?"

இடப்பக்கக் கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். பக்கக் கண்ணாடியும் நெளிந்திருந்தது.

"நான் இறக்கேக்கை இது இல்லை அண்ணை."

"அப்ப என்ரை கொட்டிலுக்குள்ள பேய் வந்து கீறினதோ?"

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆனி மாதத்துக் கடைசி நாள், பொழுதுபடுகிற நேரத்தில்தான் லொறி காரைக் கொண்டுவந்து இறக்கியது. விடிந்தால் ஆடி. ஆடி பிறந்தபின் புது வாகனம் வீட்டுக்குள் வரக்கூடாது என்ற அவசரத்தில், சுற்றிவரக்கூடப் பார்க்காமல் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டு உறைபோட்டு மூடினார். காரின் திறப்பு சாமிப் படத்துக்கு அடியில் போயிற்று. ஆவணியில் நல்ல நாள் வரும்வரை ஒரு விரல்கூடக் காரில் படக்கூடாது என்று வீட்டில் கட்டளை.

அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. "கியர் மாத்தத் தேவையில்லாத கார்தானே, நானும் பழகட்டோ" என்று மனைவி உதயகலா ஆசையாகக் கேட்டபோது, "உமக்கு அந்த ஸ்கூட்டி காணும்" என்று சிரித்தே வாயை அடைத்துவிட்டார்.

ஆடி நடுவில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. கிணற்றடியில் தள்ளாடியதும், யாரோ தோள் கொடுத்து நடத்தியதும் மங்கலாக நினைவு. கண் திறந்தபோது தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். இன்னும் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்றார் டொக்டர். இனிக் கோபமே ஆகாது என்றும் சொல்லி அனுப்பினார்.

உரிய நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த அம்புலன்ஸ் பொடியனுக்கு ஒரு வாழைக்குலையாவது கொடுக்க வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். உதயகலா "பாப்பம்" என்பதோடு சரி. இன்று புதுக் காரிலேயே போய்க் கொடுத்துவிடலாமென்று, நல்ல கதலிக்குலையாகப் பார்த்து அவரே வெட்டி வாசற்படியில் வைத்திருந்தார்.

"இஞ்சை வந்து இதையும் பார்." 'நீர்' என்று தொடங்கிய மரியாதை இதற்குள் 'நீ' ஆகிவிட்டிருந்தது. ஆறடி உயரத்தையும் மடக்கிக்கொண்டு அவர் சாரதி ஆசனத்தில் ஏறினார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. ஆசனம் அவ்வளவுக்கு முன்னால் இழுபட்டிருந்தது.

"ஆரோ ஒரு கட்டையனிட்டைக் குடுத்து ஓடவிட்டிருக்கிறாய். நீ எழுதித் தந்த மீற்றர் கணக்கை விடப் பதினெட்டுக் கிலோமீற்றர் கூடவா நிக்குது. என்னை விசரன் எண்டு நினைச்சியோ?"

"மாதாவாணை அண்ணை, லொறியாலை இறங்கினது நேரை உங்கடை கொட்டிலுக்குத்தான். நீங்களும் சேர்ந்துதானே தள்ளினீங்கள்."

"கள்ளனுக்குச் சத்தியம் ஒரு கேடு."

ஜெறோமின் முகம் கறுத்துப்போயிற்று. பிழை இருந்தால் திருத்தித் தருவதாகவும், கள்ளன் என்று மட்டும் சொல்ல வேண்டாமென்றும் சொன்னான். அவன் குரலிலும் இப்போது சூடு ஏறியிருந்தது. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுத் தலைகள் இரண்டு எட்டிப் பார்த்தன.

உதயகலா மூன்றாம் தடவையாக மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றாள். அருட்செல்வன் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டே மறுகையால் ஃபோனை எடுத்து, கீறலையும் ஜெறோமின் முகத்தையும் சேர்த்து வீடியோ பிடிக்கத் தொடங்கினார்.

ஊர் முழுக்கப் பார்க்கட்டும், இனி ஒரு குடும்பமும் இவனை நம்பிக் கார் எடுக்கக்கூடாது என்று ஆத்திரத்தில் கத்தினார். வீடியோவை வெளியில் விட்டால் அத்தோடு அவன் பிழைப்பில் மண் என்பது இருவருக்கும் தெரியும்.

உதயகலா தண்ணீர்க் குவளையை நிலத்தில் வைத்தாள். குதிக்கால்களை உயர்த்தி எட்டி, அவர் கையிலிருந்த ஃபோனைப் பறித்தாள். முப்பது வருடத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அவள் வாசற்படிக்குப் போய், கதலிக்குலையைத் தூக்கிவந்து ஜெறோமின் மோட்டார் சைக்கிள் சீற்றில் வைத்தாள்.

"பிள்ளையளுக்குக் கொண்டுபோம் தம்பி. எங்களை மன்னிச்சுக்கொள்ளும்."

"உமக்கென்ன விசரோ? அது அம்புலன்ஸ் பொடியனுக்கெல்லே வெட்டினது" என்று அருட்செல்வன் சீறினார்.

அவள் மாத்திரையை எடுத்து அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"அண்டைக்கு அம்புலன்ஸ் வரேல்லை. உங்களைக் கொண்டுபோனது நான்."