குடிலுக்குள் போன கிடா

"இந்த வருஷம் கோயிலுக்கு பிளாஸ்டிக் தோரணமே வேண்டாம், எல்லாம் பச்சைக் குழைதான்" என்று வாலிபர் சங்கத்தார் முடிவெடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பே தெருவிலிருந்த வேம்பையும் அகத்தியையும் மொட்டையடித்துக் கொண்டுவந்து சுவரெங்கும் கட்டினார்கள்.

கோயிலில் மணியடிக்கும் வேதமணியின் வெள்ளாட்டுக் கிடாவுக்கு வயிறு எரிந்தது. "நான் தின்ன ஒரு இலை விட்டு வச்சானுங்களா?"

விறுவிறுவென்று உள்ளே போனது. இயேசு பிறப்புக் குடிலில் நின்ற மண் ஆட்டின் வாய்க்கு நேரே ஒரு கொத்து அகத்தி வாடிக் கிடந்தது.

"ஏன் திங்காம நிக்கிற?" என்று அதட்டியது கிடா.

"எனக்கு வயிறே கிடையாது அண்ணே."

"வயிறில்லாதவனுக்கு அகத்தி, எனக்குப் பட்டினியா? இதைக் கேட்க ஆளே இல்லையா?" கிடா ஆத்திரத்தோடு ஒரு வாய் கடித்தது. உடனே நாலு பேர் கம்போடு ஓடிவந்து, "சனியனே, அலங்காரத்தையே கெடுத்துட்டியே!" என்று விரட்டினார்கள்.

பண்டிகைக்கு முந்தின நாள் அதே நாலு பேரும் கிடாவைக் கோயில் வாசலில் கட்டி, ஒரு கட்டு அகத்தியைப் போட்டார்கள். "நல்லாத் தின்னு, நாளைக்கு விருந்தாச்சே" என்று முதுகைத் தட்டிப் பார்த்தார்கள்.

"பாத்தியா? சத்தம் போட்டாத்தான் நியாயம் கிடைக்குது!" என்று கிடா குடிலைப் பார்த்துக் கத்தியது.

மண் ஆடு தயங்கித் தயங்கிச் சொன்னது: "அண்ணே, எனக்கு வயிறு மட்டுமா இல்ல? கறியும் இல்லையே."