நாலாயிரம்

"எங்கப்பா விழுந்த இடத்தக் காட்டுங்க சார்" என்றேன். அதை மட்டும் கேட்காதே என்று அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். நான் வயிற்றிலிருந்தபோது போரில் ஒரு சரக்கு விமானத்தோடு காணாமல் போனவர் அப்பா. இடம் தெரிந்துவிட்டால் அவள் தாலியைக் கழற்றியாக வேண்டும். பென்ஷன் தாளில் கையெழுத்து வாங்கத்தான் வந்திருந்தேன்.

அதிகாரி சலிப்போடு அந்தக் காலத்து ராணுவ வரைபடத்தை விரித்தார். சரக்கு விமானம் மோதிய மலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் 4000.

"நாலாயிரம் மீட்டர்மா. பனி மலை. எங்க ஆளுங்க உச்சி வரைக்கும் தேடினாங்க. ஒரு துண்டுத் தகரம்கூடக் கெடைக்கல."

எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் புவியியலில். வரைபடத்தின் கீழ் ஓரத்தைப் படித்தேன்.

"உயரமெல்லாம் அடிக்கணக்குன்னு போட்டிருக்கு சார். நாலாயிரம் அடியில பனி ஏது? வெறும் காடு. கீழயே ஒரு ஊர் இருக்கு, பாருங்க."

அவர் குனிந்தார். நிமிர நேரமானது.

"தேடினவங்க இந்த நம்பர மட்டும் எடுத்துக்கிட்டு, புது மேப்ப வெச்சுத் தேடியிருக்காங்க. அதுல மீட்டர்" என்று மடிக்கத் தொடங்கினார். "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? பென்ஷன்தான் வருதே."

"விழுந்த ஒடனே செத்தாரா, நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே கெடந்து செத்தாரா?"

அவர் மடித்துக்கொண்டே இருந்தார். நான் அந்த ஊரின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

"கையெழுத்து வாங்காமப் போறியேம்மா" என்றது முதுகுக்குப் பின்னால் கேட்டது. வாசலில் எங்கள் ஊர் பஸ் நின்றிருந்தது. அதைத் தாண்டி ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.