இன்னும் ஒருத்தர் வரணும்

"அக்கா, எல்லாரும் வந்தாச்சு. கடையைக் கட்டலாமா?" என்று கேட்டார் சைக்கிள் பந்தய முடிவுக்கோட்டில் நேரம் குறிக்கும் தொண்டர்.

"மருந்துக்கடைக்காரர் இன்னும் வரலையே," என்றார் வட்டார சைக்கிள் சங்கத்தின் செயலாளர்.

"அவரு எந்தப் பந்தயத்துலதான் நேரத்துக்கு வந்திருக்காரு? முட்டி வலின்னுவாரு. நாம சம்பளமில்லாம காயறோம், அவரு ஆடி அசைஞ்சு வர்றாரு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மற்ற தொண்டர்கள் மேசைகளை மடித்து வேனில் ஏற்றினார்கள். மனிதர் எங்காவது விழுந்து கிடக்கிறாரோ என்ற பயத்தில் செயலாளர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேடிப் போனார்.

வளைவைத் தாண்டியதுமே, பாலத்து நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். சைக்கிளுக்கு ஒன்றும் இல்லை. முட்டிக்கும் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. இவரைக் கண்டதும் சட்டென்று எழுந்துவிட்டார்.

"இங்க என்ன பண்றீங்க? எப்பவோ வந்து சேர்ந்திருக்கலாமே."

மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "முன்னாடியே வந்தா கூட்டத்தோட கூட்டமா போயிடுவேம்மா. கடைசியா வந்தா, இன்னும் ஒருத்தர் வரணும்னு நீங்க நிப்பீங்க. என் சம்சாரம் போனதுக்கப்புறம், நான் எப்ப வருவேன்னு பார்த்துட்டிருக்க வீட்ல யாரும் இல்ல."

செயலாளர் வண்டியைத் திருப்பிக்கொண்டு முடிவுக்கோட்டுக்கு வந்தார்.

"என்னக்கா, ஆளைப் பார்த்தீங்களா?"

"வந்துட்டிருக்காரு. மெதுவாத்தான் வருவாரு. நீங்கல்லாம் கிளம்புங்க, நான் நிக்கிறேன். எனக்கும் வீட்ல அவசரம் ஒண்ணும் இல்ல."