சோப்பு இல்லாத கை

கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் பூவாத்தாளுக்கு ஆடி மாதம் முழுக்க வேலை இல்லை. புதுசாகக் கல்யாணமான ஜோடிகளை ஆடிக்குப் பிரித்து, பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். பூவாத்தாளுக்கோ புருஷனைத் தொடுவதற்கே ஆடிதான் வரவேண்டியிருந்தது.

செங்கோடனின் முதுகு தை மாதம் சாயப்பட்டறைக் கொதிநீரில் வெந்துபோனது. இப்போது அங்கே இருப்பது ஆஸ்பத்திரியில் பூசிய படலம். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குமிழிகள், ஈரம் பட்டதும் தாமாகவே ஒன்றுசேர்ந்து தோல்போல ஒட்டிக்கொண்டவை. சோப்பு பட்டால் மட்டும் கரைந்துவிடும். அவள் கையில் ஊறிய சோப்பு போகப் பத்து நாள் ஆகும், அதுவரை பக்கத்தில்கூடப் போகக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

ஆடி பத்தாம் தேதி காலையில் பூவாத்தாள் நர்ஸ் கொடுத்திருந்த சோப்புச் சோதனைத் தாளில் கையை அழுத்திப் பார்த்தாள். தாள் நிறம் மாறவில்லை; கையில் சோப்பு இல்லை.

“ஏனுங்க, திரும்பி உக்காருங்க.”

“மண்டபத்துக்காரன் கூப்புட்டா என்ன பண்ணுவ?”

“போனை அரிசி டப்பாக்குள்ள போட்டு மூடிட்டனுங்க.”

செங்கோடன் சிரித்துக்கொண்டே துண்டை விலக்கித் திரும்பி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டான். அவள் மெதுவாக முதுகில் கையை வைத்தாள். படலம் குளிர்ச்சியாக இருந்தது. அதற்கு அடியில் அவன் மூச்சு ஏறி இறங்குவது உள்ளங்கைக்குத் தெரிந்தது.

“என்ன புள்ள, இன்னும் கைய வெக்காம யோசிக்கற?” என்றான் அவன். “பயப்படாம வெய்யி.”

“வெக்கறனுங்க,” என்றாள், கையை எடுக்காமலே.