பை மணக்கவில்லை

"பை மணக்கலையேம்மா" என்றார் காபிக்கொட்டைக் கடை முதலாளி, மாதிரிப் பையிலிருந்து மூக்கை எடுத்துக்கொண்டே.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய உயர்ரகக் காபிக்கொட்டைக்குப் பை வடிவமைத்துத் தரச் சொல்லியிருந்தார். கறுப்புத் தாளில் பொன்னிற எழுத்து வைத்துக் கொண்டுவந்திருந்தாள். நிறம் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம், எழுத்து சிறியது என்றால் பெரிதாக்கலாம். வெறும் பை எப்படி மணக்கும்?

பகலில் அச்சகம், மாலையில் வடிவமைப்பு வகுப்பு என்று ஓடிக்கொண்டிருப்பவளுக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் வேலை இது. கைநழுவினால், காலமெல்லாம் அச்சகத்தில் பில் புத்தகத்துக்குக் கோடு போட வேண்டியதுதான்.

அடுத்த முறை மலை, மேகம், பறவை எல்லாம் வரைந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று, புதிதாக வறுத்த கொட்டையை வாங்கிப் பையில் நிரப்பினாள். பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் இறங்கும்வரை மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்தபடி வந்தார். முதலாளி பையை நிறுத்தி வைத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் அழுத்தினார். பையில் காற்றுப் போக விட்டிருந்த சிறு துளை வழியே காற்று புஸ்ஸென்று வந்தது.

"ம்ஹூம். மணக்கல."

அவர் முதுகுக்குப் பின்னால் வறுக்கும் இயந்திரம். கொட்டை தீயும் வாடை அவள் தொண்டைவரை ஏறியது. அவரோ பையிலேயே கண்ணாக இருந்தார். வறுக்கும் மாஸ்டர்தான் உள்ளிருந்து ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினார். தன் சரக்கு தீய்வதுகூடத் தெரியாமல் என் படத்தில் குற்றம் தேடுகிறாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"இன்னும் ஒரு தடவை பாப்போம். சரிப்படலைன்னா பெரிய கம்பெனிகிட்ட குடுத்துடுறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து புலம்பினாள். தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை. "அந்தாளுக்கு மூளை மூக்கு நுனியில இருக்கும் போல. போகட்டும், உன் கொட்டையை அரைச்சுட்டேன். வந்து குடி."

எதிரே அப்பா காபியை வாயருகே கொண்டுபோனார். மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளுத்தது. ஒன்றும் தெரியாமல், ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக, அப்படியே ஒரு நொடி நின்றார். தினமும் நடப்பதுதான். அன்றைக்குத்தான் அவள் பென்சிலைத் தேடி ஓடினாள்.

புதுப் பை தயாரானபோது நிரப்பக் கொட்டை இல்லை; அக்கா ஒன்றுவிடாமல் காலி செய்திருந்தாள். நிரப்பாவிட்டால் பை நிமிர்ந்து நிற்காது. கைக்குக் கிடைத்தது அக்காவின் பொத்தான் டப்பா. அதைக் கொட்டி வாயை ஒட்டினாள்.

முதலாளி பையில் அவள் வரைந்திருந்த அந்த ஆவி படிந்த மூக்குக்கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். பிறகு பையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்களை மூடினார்.

"மணக்குது" என்றார் மெதுவாக.

அவளுக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. காபி வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்று ஊரே சொல்லும் மனிதர், பொத்தானை முகர்ந்து சொக்கி நிற்கிறார். பிரித்தால் தொலைந்தோம் என்று நினைப்பதற்குள், 'மணக்குது' என்றதைக் கேட்ட மாஸ்டர் கத்தரிக்கோலோடு வந்து பையைப் பிரித்துவிட்டார். மேஜை முழுக்கப் பொத்தான்கள் உருண்டன.

"மன்னிச்சுக்கங்க சார். கொட்டை தீந்துபோச்சு..."

மாஸ்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஒரு பொத்தானை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"கடையில வாங்க வர்றவங்களுக்கும் பை மூடித்தான்மா இருக்கும், கண்ணாலதான் மோந்து பாக்கணும்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "நம்ம மாஸ்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு காய்ச்சல்ல என் மூக்கு செத்துப்போய் ரெண்டு வருஷமாச்சு. அதுக்கப்புறம் எனக்குக் காபி மணந்தது இன்னிக்குத்தான்."