தலைவலிக்குக் கைகண்ட டீ

பெப்பர்மிண்ட் டீயின் மகிமையை, ஓய்வுபெற்ற தாசில்தார் காசிநாதன் பெரம்பலூரில் பாதிப் பேருக்குச் சொல்லி முடித்திருந்தார். அன்று அகப்பட்டவள் பக்கத்து வீட்டு அம்பிகா.

"வாயு, அஜீரணம், தலைவலி, எதுவா இருந்தாலும் ஓடிடும்மா. இவளையே கேளு. தினமும் மாத்திரை போட்டுக்கிட்டுக் கெடந்தவ. இந்த டீ வூட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆவுது, தலைவலின்னு ஒரு வார்த்தை சொல்லல!"

மனைவி மலர்கொடியைச் சாட்சிக்கு நிறுத்திவிட்டு, செந்துறை பென்ஷனர்களுக்கு எடுத்துச் சொல்ல பஸ் ஏறப் போய்விட்டார்.

அம்பிகாவுக்கும் சில மாதங்களாகத் தலைவலி. ஸ்கேன் எடுத்தும் காரணம் பிடிபடவில்லை.

"நெசமாவே போயிடுச்சாக்கா?"

"சத்தியமா போயிடுச்சு."

"ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் குடிக்கிறீங்க?"

"நானா? எனக்கு அந்த வாசனையே ஆவாது. அவருதான் குடிக்கிறாரு. காலையில ஒரு டம்ளர் உள்ள போனதும், அதோட பெருமையச் சொல்ல ஊர் ஊரா கெளம்பிடுறாரு. திரும்பி வர சாயங்காலம் ஆயிடுது."

அம்பிகாவின் முகம் தெளிந்தது.

"எங்க வூட்டுக்காரருக்கும் ஒரு பாக்கெட் குடுங்கக்கா. போன சித்திரையோட அவரும் ரிட்டயர் ஆயிட்டாரு."